மாடிப்படியின் இருட்டுக்கு எந்த விளக்கு?



வாடகைக்கு வீடு பார்க்கச் செல்லும்போது நாம் எதையெல்லாம் விசாரிக்கிறோம்? தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், முன்பணம் எவ்வளவு, சபைக்கு எவ்வளவு தூரம், பிள்ளைகளின் பள்ளி வாகனம் தெருவுக்குள் நுழையுமா என்றெல்லாம் விசாரிக்கிறோம். பகலில் போய்ப் பார்க்கிறோம். பகலிலேயே சாவியையும் வாங்கிக்கொள்ளுகிறோம். மின்சாரம் நின்றுபோன இரவில் அந்த வீடு எப்படியிருக்கும் என்று ஒருவரும் பார்ப்பதில்லை. குடியேறி மூன்று மாதங்கள் கழித்து, மழை பெய்கிற ஓர் இரவில், அந்த வீடு தன் இருட்டான மூலையை நமக்குக் காட்டுகிறது.

காக்கநாட்டில் வசிக்கும் நம் ஜனங்களுக்கு அந்த மூலை எதுவென்று நான் சொல்லத் தேவையில்லை. 1984-இல் ஏற்றுமதி மண்டலமும் 2004-இல் இன்போபார்க்கும் வந்தபின் இந்த ஊரில் வீடுகள் நெருக்கிக்கொண்டு எழும்பின. வீட்டுக்காரர் கீழே குடியிருந்து மேல்மாடியை இரண்டாகப் பிரித்து வாடகைக்கு விடுகிறார். மாடிக்கு ஏறும் படிக்கட்டு, வீட்டுச் சுவருக்கும் பக்கத்து மனையின் மதிலுக்கும் இடையில் திணிக்கப்பட்டிருக்கும். ஜன்னல் இராது. நடுப்பகலிலும் அங்கே மங்கலாகத்தான் இருக்கும். பாதி வழியில் ஒரு திருப்பம் உண்டு. அந்தத் திருப்பத்தில் படிகள் ஒருபுறம் அகலமாகவும் மறுபுறம் கூர்மையாகவும் வெட்டப்பட்டிருக்கும். மட்டாஞ்சேரியின் பழைய வீடுகளில் இதுவே செங்குத்தான மரப்படியாக இருக்கிறது. வாத்துருத்தியின் ஒற்றை அறை வீடுகளில் வாசலுக்கு வெளியே உள்ள சந்தே இருட்டறையாகிவிடுகிறது. இடம் வேறானாலும் காரியம் ஒன்றுதான்: நாம் தினமும் கடந்துபோகிற ஓர் இடத்தில், வெளிச்சம் நின்றால் கையால் தடவித்தான் நடக்க வேண்டும்.

கேரளத்தில் மின்சாரம் நிற்பதற்குக் காரணங்கள் பல. தமிழ்நாட்டில் 2012-ஆம் ஆண்டு மணிக்கணக்கான மின்வெட்டை அனுபவித்தவர்கள், இங்கே நிலைமை எவ்வளவோ மேல் என்பார்கள். அது உண்மையே. ஆயினும் இங்கே மரங்கள் அதிகம், மழை அதிகம், கம்பிகள் மரங்களின் ஊடே செல்லுகின்றன. ஒரு தென்னை மட்டை போதும், ஒரு தெருவே இருண்டுவிடும். துலாவர்ஷ மாதங்களில் பிற்பகல் இரண்டு மணிக்குமேல் இரவு பத்து மணிவரை இடியும் மின்னலும் மிகுதி. 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தின்போது தண்ணீர் புகுந்த பகுதிகளில் உயிர்ச்சேதம் நேராதபடிக்கு மின்வாரியமே இணைப்பைத் துண்டிக்க வேண்டியதாயிற்று. நெடும்பாசேரி விமான நிலையம் இரண்டு வாரம் மூடிக்கிடந்த நாட்கள் அவை. 2024 ஏப்ரல், மே மாதங்களின் கடுமையான வெப்பத்தில் மாநிலத்தின் இரவு நேரத் தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டியபோது, மழையே இல்லாமல், சுமை தாங்காமல் மின்சாரம் நின்றது. எல்லா வீட்டிலும் குளிர்சாதனம் ஓடுகிற நள்ளிரவில், மக்கள் ஆழ்ந்து உறங்குகிற நேரத்தில், அது நின்றது என்பதைக் கவனியுங்கள்.

நள்ளிரவு என்று சொல்லுவதற்குக் காரணம் உண்டு. படமுகள் பகுதியில் ஒரு குடும்பம். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ளுவதற்காகத் திண்டுக்கல் பக்கத்திலிருந்து மனைவியின் தாயார் வந்திருந்தார். வயது அறுபத்தெட்டு. கழிப்பறை கீழ்த்தளத்தில், படுக்கை மேலே. வந்து நான்காம் இரவு, மின்சாரம் இல்லாத வேளையில் பிள்ளைகளை எழுப்ப மனமில்லாமல் அந்த அம்மா தனியே இறங்கியிருக்கிறார். ஊரில் தன் வீட்டின் திண்ணையையும் வாசலையும் கண்ணை மூடிக்கொண்டு நடக்கத் தெரிந்தவர். இந்த வீட்டின் படிகள் எத்தனை என்று அவருக்குத் தெரியாது. கடைசிப் படியைத் தரையென்று நினைத்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நடந்தது, உயிருக்கு மோசமில்லை. ஆனால் அதற்குப்பின் அவர் ஊன்றுகோல் இல்லாமல் நடக்கவில்லை. பேரனைத் தூக்குவதற்காக வந்தவர், பேரனைத் தூக்க முடியாதவராக ஊருக்குத் திரும்பினார். மருத்துவமனையில் அவரைச் சந்தித்தபோது மருமகன் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "ஐயா, அந்த இடத்துக்கு என்ன லைட் போட்டிருக்கணும்?" என்பதுதான். அவருக்குச் சொன்னதையும் அதற்குப்பின் விசாரித்து அறிந்ததையும் இம்மாதம் எழுதுகிறேன்.

முதலில் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. பிரகாசமான அறையிலிருந்து இருட்டுக்குள் வந்தால், கண் இருட்டுக்கு முழுவதும் பழகுவதற்கு இருபது முதல் முப்பது நிமிடம் தேவைப்படுகிறது. வயதானவர்களுக்கு இது இன்னும் தாமதமாகும். கண்ணின் பாவை சிறுத்து, வில்லை மஞ்சளித்துப்போவதால், அறுபது வயதுள்ளவரின் விழித்திரையை அடைகிற வெளிச்சம் இருபது வயதுள்ளவருக்குக் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். "எனக்கு நன்றாகத் தெரிகிறதே, அம்மாவுக்கு ஏன் தெரியவில்லை?" என்று மகன் கேட்பது அறியாமை. அம்மா நடக்கிற படிக்கட்டு மகன் நடக்கிற படிக்கட்டைவிட மும்மடங்கு இருட்டானது.

அப்படியானால் எவ்வளவு வெளிச்சம் வேண்டும்? இங்கேதான் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். படிக்கட்டு வேதம் வாசிக்கிற இடமல்ல. முழுநிலவு தரையில் விழச் செய்யும் வெளிச்சம் ஏறக்குறைய கால் லக்ஸ். பெரிய கட்டிடங்களில் ஆபத்து வேளையில் மக்கள் வெளியேறும் பாதையின் நடுவில் குறைந்தபட்சம் 1 லக்ஸ் இருக்க வேண்டும் என்று ஐரோப்பியத் தரநிலை சொல்லுகிறது. அதாவது நிலவொளியைப்போல நான்கு மடங்கு. வயதானவர்கள் உள்ள வீட்டில் அதைப் பத்து மடங்காக்கிக்கொண்டாலும் அது பெரிய வெளிச்சமல்ல. ஒரு மெழுகுவர்த்தி ஏறக்குறைய பன்னிரண்டு லூமென் ஒளியைத் தருகிறது. ஒரு வாட் எல்.இ.டி. எண்பது, நூறு லூமென் தருகிறது. ஆகவே ஒரே ஒரு வாட் விளக்கு, சரியான இடத்தில் இருக்குமானால், உங்கள் மாடிப்படிக்குப் போதும். இருபது வாட் ஃப்ளட் லைட்டை வாங்கிக் கண்ணுக்கு நேரே மாட்டுவது கண்ணைக் கூசச்செய்து, அடுத்த படியை மறைத்துவிடும்.

நம்மில் பலருடைய வீட்டில் இன்னும் மெழுகுவர்த்தியே இருக்கிறது. அது மலிவு, பழக்கம், கையிலே கிடைப்பது. ஆனால் படிக்கட்டில் மெழுகுவர்த்தி வைக்கக்கூடாது. காற்று கீழிருந்து மேலாக ஏறுகிற இடம் அது. சுடர் சாயும், சேலை முந்தானை உரசும், மெழுகு சொட்டிய படி வழுக்கும். மண்ணெண்ணெய் விளக்கைப் பற்றி ஈழத்துச் சகோதரர்களைக் கேளுங்கள். 1990-களில் யுத்தத்தினால் யாழ்ப்பாணத்தில் வருடக்கணக்காக மின்சாரம் இல்லாதிருந்தபோது, ஜாம் போத்தலில் திரியிட்டு எரித்துத்தான் பிள்ளைகள் படித்தார்கள். அந்நாட்டில் சாய்ந்த போத்தல் விளக்குகளால் தீக்காயமடைந்து வருகிறவர்களைத் தொடர்ந்து கண்ட டாக்டர் விஜய கொடகும்புர என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர், மார்மைட் போத்தலின் குட்டையான வடிவத்தைப் பார்த்து, கவிழாத ஒரு விளக்கை 1992-இல் உண்டாக்கினார். குட்டையான, கனமான கண்ணாடி. உருளாதபடிக்கு இரண்டு பக்கம் தட்டை. எண்ணெய் சிந்தாதபடிக்குத் திருகு மூடி. 'சுதீப' என்று அதற்குப் பெயர். 1998-இல் ரோலெக்ஸ் விருது அவருக்குக் கிடைத்தது. எண்ணிப் பாருங்கள்: ஓர் அறுவைச் சிகிச்சை நிபுணர், கத்தியைக் கீழே வைத்துவிட்டு, விளக்கின் அடிப்பாகத்தைப் பற்றிச் சிந்தித்தார். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. 2014-இல் நோபல் பரிசு பெற்ற மூன்று விஞ்ஞானிகளின் நீல எல்.இ.டி. கண்டுபிடிப்பினால், நெருப்பில்லாத வெள்ளை வெளிச்சம் கடைத்தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அது கிடைக்கிற காலத்தில் குழந்தைகள் உள்ள வீட்டில் தீச்சுடரை நம்பியிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டுவது 'இன்வெர்ட்டர் பல்பு' என்கிற சார்ஜ் ஆகும் எல்.இ.டி. பல்பு. சாதாரண ஹோல்டரிலேயே பொருந்தும். மின்சாரம் நின்றால் தானே எரியும். அதைக் கையில் வாங்கி அதன் இரண்டு முனைகளையும் விரலால் தொட்டுக் காட்டுவார், பல்பு எரியும். வாங்குகிறவர் ஆச்சரியப்படுவார். இதில் அற்புதம் ஒன்றுமில்லை. வீட்டிலுள்ள மற்றச் சாதனங்களின் வழியாகச் சுற்று இணைந்திருக்கிறதா என்று அந்தப் பல்பு சோதித்துக்கொள்ளுகிறது. இணைந்திருந்து மின்சாரம் மட்டும் இல்லையென்றால் எரிகிறது. சுவிட்சை அணைத்தால் சுற்று அறுந்துபோவதால் அணைந்துவிடுகிறது. கடையில் அந்தச் சுற்றை உங்கள் விரல் இணைத்துக்கொடுக்கிறது, அவ்வளவே.

இந்த வேலைமுறை விளங்கினால், படிக்கட்டுக்கு இது ஏன் ஏற்றதல்ல என்பதும் விளங்கும். மின்சாரம் நிற்கும்போது சுவிட்ச் போட்டபடி இருந்தால் மாத்திரமே அது தானாக எரியும். சமையலறையில், கூடத்தில், மாலை ஏழு மணிக்கு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அங்கே அது உத்தமமான பல்பு. படிக்கட்டிலோ, உறங்கப் போகும்போது சிக்கனமான குடும்பத்தலைவி விளக்கை அணைத்துவிட்டுத்தான் போவாள். இரவு இரண்டு மணிக்கு மின்சாரம் நின்றால் அந்தப் பல்பு அசையாது. இருட்டில் சுவரைத் தடவிச் சுவிட்சைக் கண்டுபிடித்துப் போட்டால் எரியும். ஆனால் தடவுவதற்குள்தானே விழுந்துவிடுகிறோம்!

இன்னொன்று, பெட்டியின் மேல் 9 வாட் என்று எழுதியிருக்கும். பேக்கப் 4 மணி நேரம் என்றும் எழுதியிருக்கும். இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது. உள்ளேயிருக்கும் பாட்டரி 2,200 மில்லி ஆம்பியர் மணி, 3.7 வோல்ட் என்று வைத்துக்கொள்ளுவோம். பெருக்கினால் எட்டு வாட்-மணி சொச்சம். அதை நான்கு மணி நேரத்துக்குப் பங்கிட்டால் இரண்டு வாட். ஆகவே மின்சாரம் இருக்கும்போது 9 வாட். இல்லாதபோது இரண்டு வாட்டோ அதற்கும் குறைவோ. இதில் வஞ்சகம் என்று சொல்ல மாட்டேன். அந்த இரண்டு வாட் வெளிச்சம் ஒரு சமையலறைக்குப் போதுமானதே. ஆனால் பாட்டரியின் அளவு பெட்டியில் அச்சிடப்படாத பல்பை வாங்காதிருங்கள்.

அப்படியானால் படிக்கட்டுக்கு என்ன? ஆள் வந்தால் எரிகிற சென்சார் விளக்கு. கையடக்கமானது, உள்ளேயே சார்ஜ் ஆகும் பாட்டரி கொண்டது, அல்லது மூன்று பேனா செல்களில் இயங்குவது. மனித உடலின் வெப்பம் அசைவதை அது உணர்ந்து எரிகிறது. ஆள் போய்விட்டால் அரை நிமிடத்தில் அணைகிறது. பகல் வெளிச்சத்தில் எரியாதபடி இன்னொரு கண்ணும் அதற்கு உண்டு. வீட்டு மின்சாரத்தோடு அதற்குச் சம்பந்தமே இல்லாததால், மின்சாரம் இருந்ததா நின்றதா என்று அது பார்ப்பதில்லை. ஒவ்வோர் இரவும் எரிகிறபடியால் அது வேலை செய்கிறதா என்று தனியே சோதிக்கவும் வேண்டாம். என் மனதுக்கு இதுவே அதன் பெரிய நன்மை. ஆபத்துக்கென்று ஒதுக்கி வைத்த விளக்கு ஆபத்தில் எரியாமற்போவதை எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறோம்! எண்ணெய் கொண்டுபோகாத கன்னிகைகளைக் குறித்து ஆண்டுதோறும் பிரசங்கம் கேட்கிற நம்முடைய வீடுகளில், அலமாரியின்மேல் தூசி படிந்த எமர்ஜென்சி லைட்டில் சார்ஜ் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள்.

இந்த விளக்கை மாட்டுகிற விதத்தில்தான் பலன் இருக்கிறது. உயரத்தில் மாட்டாதீர்கள். கணுக்காலுக்குச் சற்று மேலே, பக்கச் சுவரில் இருந்தால், ஒவ்வொரு படியின் விளிம்பும் நிழலோடு பிரிந்து தெரியும். நேரே நெருங்கி வருகிறவரைவிடக் குறுக்கே கடந்துபோகிறவரை இந்தச் சென்சார் விரைவாகக் கண்டுகொள்ளும். ஆதலால் பக்கச் சுவரே சரி. கண்ணாடிக்கு அப்பால் உள்ள ஆளை அது காணாது. மேல்படிக்கு ஒன்று, திருப்பத்துக்கு ஒன்று, கடைசிப் படிக்கு ஒன்று. பணமில்லையென்றால் கடைசிப் படிக்கு முதலாவது வாங்குங்கள். மஞ்சள் கலந்த வெளிச்சம் நல்லது. தூக்கத்திலிருந்து எழும்பி வருகிற கண்ணுக்கு நீலம் கலந்த வெள்ளை உறுத்தும். பின்புறத்தில் உள்ள ஒட்டும் பட்டையை நம்பவேண்டாம். ஜூன், ஜூலை ஈரத்தில் சுண்ணாம்புச் சுவர் வியர்க்கும். விளக்கு உரிந்து விழும். வீட்டுக்காரரிடம் சொல்லி ஒரு சிறிய ஆணியடிக்க அனுமதி பெறுங்கள். வெளிப்புறப் படிக்கட்டானால் பெட்டியில் ஐ.பி. 65 என்று இருக்கிறதா என்று பாருங்கள். தூசியும் மழைச்சாரலும் உள்ளே போகாது என்பதற்கு அது அடையாளம். செல் போடுகிற விளக்கானால் மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். கசிந்த செல் முனைகளை அரித்துவிடும்.

கைபேசியிலேயே டார்ச் இருக்கிறதே என்பார் உண்டு. ஒரு கையில் கைபேசி, இன்னொரு கையில் குழந்தை. கைப்பிடியைப் பிடிப்பது எந்தக் கையால்? மேலும் புயல் இரவில் கைபேசியின் சார்ஜ் 1912-க்குப் பேசுவதற்கும் ஊரிலுள்ள பெற்றோரிடம் பேசுவதற்கும் தேவை. வயதானவர்களின் தலையணையருகே ஒரு சிறிய டார்ச், இன்னும் நல்லது தலையில் மாட்டுகிற டார்ச், தனியே இருக்கட்டும்.

வசதியுள்ளவர்கள் இன்வெர்ட்டர் வைக்கிறார்கள். மின்விசிறிக்காகவும் வீட்டிலிருந்து அலுவலக வேலை செய்கிறவர்களுக்காகவும் அது அவசியமாக இருக்கலாம். படிக்கட்டு விளக்குக்காக மாத்திரம் அது வேண்டாம். அப்படியே வைத்திருக்கிறவர்களும், மின்பணியாளர் எந்தெந்த விளக்குகளை அந்த இணைப்பில் சேர்த்திருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். கூடம், படுக்கையறை என்று சேர்த்துவிட்டுப் படிக்கட்டை விட்டுவிடுகிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஜெனரேட்டர் இருக்கிறது என்று நிம்மதியாயிருக்கிறவர்களுக்கும் ஒரு சொல்: அது இயங்கி மின்சாரம் மாறிவரச் சில நொடிகள் ஆகும். மாடியிலிருந்து குப்பைக்கூடையோடு இறங்குகிறவருக்கு அந்தச் சில நொடிகள் போதும். பல குடியிருப்புகளில் அந்த மின்சாரம் வீட்டுக்குள் ஓரிரண்டு விளக்குகளுக்கு மாத்திரமே வரும். குளியலறைக்குப் போகும் நடை இருட்டாகவே இருக்கும்.

தெரு முழுவதும் வெளிச்சமாயிருக்க நம் வீடு மாத்திரம் இருண்டுபோவதும் உண்டு. மழைநீர் ஏதாவதொரு வெளிச்சுவர் இணைப்பில் இறங்கினால், கசிவைத் தடுக்கும் ஈ.எல்.சி.பி. தானே விழுந்துவிடும். அது நம் உயிரைக் காப்பதற்காகச் செய்கிற வேலை. ஆனால் அந்தப் பலகை பெரும்பாலும் படிக்கட்டின் கீழேதான் இருக்கிறது! ஆகவே அந்தப் பலகையருகே ஒரு விளக்கு கட்டாயம் வேண்டும். ஈரக் கையோடும் வெறுங்காலோடும் அதைத் தொடாதிருங்கள். சமையல் எரிவாயுவின் நாற்றம் அடிக்கிற இருட்டில் எந்தச் சுவிட்சையும், எமர்ஜென்சி விளக்கின் சுவிட்சையுங்கூட, தொடக்கூடாது. கதவு ஜன்னல்களைத் திறந்து, சிலிண்டரின் குமிழை மூடி, வெளியே போய்விட வேண்டும். டார்ச்சைப் போடுவதானால் வெளியே நின்று போடுங்கள்.

பழைய வகை எமர்ஜென்சி லைட் பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். ஈய அமிலப் பாட்டரியுள்ளவை முற்றிலும் தீர்ந்தபின் அப்படியே வைக்கப்பட்டால் செத்துப்போகும். தகட்டில் படிகம் படிந்து மறுபடியும் சார்ஜ் ஏறாது. எரிந்து முடிந்த அன்றே சார்ஜ் போடுங்கள். உபயோகிக்காவிட்டாலும் மாதம் ஒருமுறை போடுங்கள். லித்தியம் பாட்டரியுள்ளவை அவ்வளவு சீக்கிரம் கெடுவதில்லை. ஆனால் பெயர் தெரியாத மலிவுச் சரக்கில் அதிக சார்ஜைத் தடுக்கும் பாதுகாப்பு இருக்கிறதா என்று அறிய வழியில்லை. பி.ஐ.எஸ். பதிவு எண், 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்குவது, பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். இராமுழுவதும் படுக்கையருகே சார்ஜ் போட்டு உறங்கவேண்டாம். இடி இடிக்கும் மாலைகளில் எல்லாவற்றையும் பிளக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். ஆபத்துக்கென்று வாங்கிய விளக்கு மின்னலில் கருகிப்போனால் அன்றிரவு எதை ஏற்றுவீர்கள்? சூரிய விளக்கு இந்த ஊருக்கு ஆறு மாதம் உதவும். மழைமேகம் கவிந்த மாதங்களில், அதாவது மிகவும் தேவைப்படுகிற மாதங்களில், அது பட்டினி கிடக்கும்.

இருட்டில் பச்சையாக ஒளிருகிற ஒட்டுப்பட்டை ஒன்று விற்கிறார்கள். படியின் விளிம்பில் ஒட்டினால் போதும் என்று விளம்பரம். அது வெளிச்சத்தைக் குடித்துவைத்துக்கொண்டு பின்பு உமிழுகிற பொருள். பகலிலும் இருட்டாயிருக்கிற நம் படிக்கட்டில் அது குடிப்பதற்கு என்ன இருக்கிறது? அதைவிட ஒவ்வொரு படியின் விளிம்பிலும் இரண்டு விரற்கடை அகலத்துக்கு வெள்ளை வண்ணம் பூசிவிடுங்கள். சிறிது வெளிச்சம் பட்டாலே பளிச்சென்று தெரியும். முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் நிச்சயமாகப் பூசுங்கள்; பெரும்பாலும் ஜனங்கள் விழுவது அங்கேதான்.

வீட்டு ஜெபக்கூட்டம் நடக்கிற வீடுகளுக்கு இதையும் சொல்லிவிடுகிறேன். முப்பது பேர் வந்தால் அறுபது செருப்புகள். அவ்வளவும் படிக்கட்டின்மேல்தான் கிடக்கும். கூட்டம் முடிகிற ஒன்பதரை மணிக்கு மின்சாரம் நின்றால் முதியவர்கள் அந்தச் செருப்புகளின்மேல் கால் வைத்துத்தான் இறங்க வேண்டும். கீழே ஒரு பழைய பாயை விரித்து, செருப்புகளை அங்கேயே விடச் சொல்லுங்கள். இதற்கு ஒரு ரூபாயும் செலவில்லை.

வாங்கியாயிற்று, மாட்டியாயிற்று என்றால், ஒரு சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு, வீட்டாரிடம் முன்னதாகச் சொல்லிவிட்டு, மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். படுக்கையிலிருந்து கழிப்பறைக்கும், கழிப்பறையிலிருந்து வாசலுக்கும் ஒவ்வொருவரும் நடந்து பார்க்கட்டும். பாட்டியை முதலில் நடக்கச் சொல்லுங்கள், கூடவே ஒருவர் கைபிடித்து நடக்கட்டும். எங்கே அவர் தயங்கி நிற்கிறாரோ அங்கே ஒரு விளக்கு குறைகிறது. ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் முதல் நாள் மாலையிலேயே படிகளை அவரோடு எண்ணிக்கொண்டு ஒருமுறை ஏறி இறங்குங்கள்.

ஊருக்குப் போகும்போதும் இதை மறவாதிருங்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கமாகக் கரையேறியபோது ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் விழுந்தன. டெல்டாக் கிராமங்களில் வாரக்கணக்கில் வெளிச்சமில்லை. இலங்கையிலோ 2025 பிப்ரவரி 9 அன்று பாணந்துறை துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததினால் நாடு முழுவதும் இருண்டது. பிள்ளைகளெல்லாம் பட்டணத்தில் இருக்க, தனித்திருக்கிற பெற்றோருக்குப் பண்டிகைக்குப் புடவையும் வேட்டியும் வாங்கிச் செல்லுகிறோம். இரண்டு சென்சார் விளக்குகளையும் அதோடு வைத்து, நீங்களே மாட்டிக்கொடுத்துவிட்டு வாருங்கள். பெட்டியோடு கொடுத்தால் அது பெட்டியோடு பீரோவில் இருக்கும்.

கடைசியாகப் பழைய பாட்டரிகள். அவற்றைக் குப்பையோடு கட்டிப்போடாதிருங்கள். 2023 மார்ச் 2 அன்று பிரம்மபுரம் குப்பைக்கிடங்கில் பற்றிய தீயின் புகையைக் காக்கநாட்டில் இருந்தவர்கள் பத்து நாட்களுக்கும் மேலாகச் சுவாசித்தோம். ஜன்னல்களை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தோம். 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு விதிகளின்படி, பயன்பட்டு முடிந்தவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. இன்வெர்ட்டர் பாட்டரியைப் பழையதற்குக் கழித்துக்கொண்டு புதியது தருவார்கள். சிறிய லித்தியம் பாட்டரிகளின் முனையில் ஒரு துண்டு ஒட்டுநாடா ஒட்டி, தனி டப்பாவில் சேர்த்துவைத்து, திருக்காக்கரை நகராட்சியின் ஹரித கர்ம சேனைச் சகோதரிகள் வரும்போது, மின்னணுக் கழிவை எந்த நாளில் எடுப்பார்கள் என்று கேட்டு, அவர்கள் கையில் கொடுங்கள்.